பெட்டியின் அடியில் உன் நம்பர்

இன்று காலை கடையைத் திறந்து கற்பூரத் தட்டை எடுத்து வைத்தபோது பெட்டி ஊமையாகிவிட்டது. ஸ்கேன் செய்து பணம் போட்டால் இவ்வளவு வந்தது என்று உரக்கச் சொல்லுமே, நீ கொண்டுவந்து வைத்த அதே பெட்டிதான். திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளை பிளாஸ்திரி, அதில் நீல மையில் உன் போன் நம்பர்.

நீ முதன்முதலில் அடி அண்ணாமலைக்கு வந்த அன்று பௌர்ணமி. கூட்ட நேரத்தில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கையில் இந்தப் பெட்டியோடு வந்து நின்றவளை நான் விரட்டத்தான் பார்த்தேன். "கையில வாங்கறேன், டப்பாவுல போடறேன். எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன். நீ ஓரமாக உட்கார்ந்துகொண்டாய். தேங்காய் எடுத்தவர்கள் போனை நீட்டுவதும், ஸ்கேன் இல்லை என்றதும் தேங்காயை வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவதுமாக இருந்தார்கள். எனக்கே அவமானமாகிவிட்டது. அப்போதுதான் வாயைத் திறந்தாய். "பாத்தியாக்கா? அவங்க கையில சில்லறையே இல்லக்கா."

கெட்டிக்காரிதான் நீ. ஆனால் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டு ஓடிப்போகிற ரகம் இல்லை. பணம் போட்டதாகப் போனைக் காட்டி ஏமாற்றிவிட்டுப் போவார்கள் என்று எச்சரித்தவள் நீ. "பாக்ஸ் பேசினாதான் பணம்கா. போன்ல டிக் மார்க் காட்டினா நம்பிடாத" என்பாய். பெட்டி பேசாத நாளில் கம்பெனி நம்பருக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுவான். உன்னிடம்தான் கத்தினேன். மறுநாளே பிளாஸ்திரி வாங்கிவந்து, இந்த வரிசையில் இருந்த எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் உன் சொந்த நம்பரை எழுதி ஒட்டினாய். உன் மேலதிகாரி திட்டினார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

கடைசியாக வந்தபோது உன் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. "காமாலைடி இது, வீட்டுக்குப் போ" என்றேன். "இன்னும் ரெண்டு கடைக்கா, இல்லன்னா இந்த மாசம் டார்கெட் முடியாது" என்று வண்டியைக் கிளப்பினாய். அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ திரும்பவில்லை. உன் கம்பெனியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அடுத்த வாரமே அதே அட்டையோடு வேறொருவனை அனுப்பிவிட்டார்கள்.

உன் காரியத்துக்குக் கீழ்பென்னாத்தூர் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவின் மடியில் உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுத்தால் இந்தப் பக்கத்துப் பூக்கடைக்காரர். "ஏம்மா, பாக்ஸ் பேசல, எங்க போயிட்ட நீ?" பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "அவ இல்லீங்க" என்றார் உன் அம்மா. "எப்ப வருவாங்க?" என்றார் அவர்.

என்னால் தாங்க முடியவில்லை. ஊர் திரும்பியதும் கடை கடையாக ஏறி உன் பிளாஸ்திரிகளைக் கிழித்து, என் நம்பரை ஒட்டினேன். இனி பெட்டி பேசாவிட்டால் என்னைக் கூப்பிடட்டும், அந்த அம்மாவை விட்டுவிடட்டும் என்று நினைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. என் பெட்டியில் இருந்ததை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை.

போன பௌர்ணமிக்கு உன் அம்மா மலை சுற்ற வந்து என் கடையில் உட்கார்ந்தார். இடுப்பில் உன் போன். "தெனமும் சார்ஜ் போட்டு வெச்சிக்கினுதான் இருக்கேன். மொதல்ல எவ்ளோ பேர் கூப்ட்டாங்க! அவளத் தேடறாங்களேன்னு இருந்துச்சி. இப்ப ஒருத்தரும் கூப்பிடறதில்ல. அதுக்குள்ள மறந்துட்டாங்களா?" என்றார். கிழித்துப் போட்டது நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு சோடா உடைத்துக் கொடுத்தேன்.

ஊமைப் பெட்டியைப் பேசவைக்க எனக்குத் தெரியும். நீ சொல்லிக்கொடுத்ததுதான். ஆனாலும் இன்று உன் நம்பரைத்தான் அழுத்தினேன். முதல் மணியிலேயே உன் அம்மா எடுத்தார்.

"அக்கா, பாக்ஸ் பேசலக்கா" என்றேன்.

"பின்னாடி ஒரு பட்டன் இருக்குமாமே, அத அழுத்திப் புடிச்சிக்கினே இரும்மா. அவ இப்டிதான் போன்ல எல்லாருக்கும் சொல்லுவா" என்றார்.

பிடித்தேன். பெட்டி பேசியது.

"பேசுதாம்மா?"

"பேசுதுக்கா."

இனி அது கெடாவிட்டாலும், அவ்வப்போது நானே அதை அணைத்துவிட்டுக் கூப்பிடுவேன்.