ஜெப மாத்திரை

என் எஸ்தர் சித்திக்கு,

மலர் போய்விட்டாள். போன வியாழக்கிழமை. அங்கே உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் உங்களுக்கு இது பழைய செய்தி. வந்ததும் உங்களிடம் என்ன கேட்டாள் சித்தி? கேட்காமல் இருந்திருக்க மாட்டாள்.

நாலு பேர் படிக்கிற கடிதம் என்பதால் அவள் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். செத்த பிறகும் பிள்ளையின் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

மடவார் வளாகத்துப் பக்கம் நீங்கள் நடத்திய இல்லத்தில் யாரோ வெங்காயக் குடோன் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வரிசையில் நின்ற கூடத்தில் இப்போது மூட்டைகள். காலையும் இரவும் ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாயோடு ஆளுக்கொரு மாத்திரை வாங்குவோம். எய்ட்ஸில் போனவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள் எல்லோரும். எங்களிடம் அவர்கள் டிபியில் போனதாகத்தான் சொல்லியிருந்தது. சிலருக்கு மட்டுமே நோய் ஒட்டியிருந்தது. அவர்களுக்கு நிஜ மருந்து, மற்றவர்களுக்குச் சத்து மாத்திரை. யாருக்கு எது என்று அப்போது உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் அதற்கு ஜெப மாத்திரை என்று பேர் வைத்தோம். நீங்களும் சிரித்துக்கொண்டே அப்படியே சொல்ல ஆரம்பித்தீர்கள்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. மலர் முதன்முதலில் வந்தபோது தரையில் ஓரமாக உட்கார்ந்து, தனித் தட்டு எங்கே என்று கேட்டாளே. ஊரில் அவளை அப்படிப் பழக்கியிருந்தார்கள். நம் வீட்டில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து ஒதுங்கக் கூடாது என்று நினைத்தீர்கள். ஒருவரும் ஒதுங்கவில்லை. அவள் எச்சில் மாங்காயை நான் எத்தனை தடவை பிடுங்கித் தின்றிருப்பேன்!

என் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் என்னைத் தனியே கூப்பிட்டு, உனக்கு ஒன்றும் இல்லை, நீ தின்றது வெறும் சத்து மாத்திரை என்றீர்கள். மலருக்கு உண்டு என்றும் அன்றைக்குத்தான் சொன்னீர்கள். அவளிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றீர்கள். எட்டு முடிக்கட்டும் என்று இருந்தீர்கள். பிறகு பத்து முடிக்கட்டும் என்றீர்கள்.

அதற்குள் இல்லத்துக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோனது. பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் கூட்டிப்போனார்கள். மலரைக் கூட்டிப்போக அவள் மாமா கூமாப்பட்டியிலிருந்து வந்தார். அவரிடம் விவரத்தைச் சொன்னீர்கள். மலரிடம், லேபிளைக் கிழித்த டப்பாக்களைக் கொடுத்து, விடாமல் போடணும் என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்த மாசமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மாமா கெட்டவர் இல்லை சித்தி. சோறு போட்டார், பள்ளிக்கூடம் அனுப்பினார். ஒரே ஒரு கண்டிப்புதான். "இங்கன ஜெபம் கிபம்லாம் கூடாது தாயி, நம்ம சாமியக் கும்பிடு" என்றாராம். மலர் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, நீங்கள் வளர்த்தவளாயிற்றே. ஜெபத்தை விட்டாள். அதோடு சேர்த்து மாத்திரையையும் விட்டாள். பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் மாமாவும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எனக்குத் தகவல் வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். பேண்டேஜ் கம்பெனியில் பாதி ஷிப்டில் சொல்லிவிட்டு ராஜபாளையத்திலிருந்து ஓடினேன். டாக்டர் என்னை வெளியே அழைத்து, மருந்தை ஏன் நிறுத்தினாள் என்று கேட்டார். நான் போய் அவளிடம் கேட்டேன்.

"ஜெபம் பண்ணாம அத மட்டும் எப்படிக்கா போட?" என்றாள்.

அன்றைக்கு நான்தான் சொன்னேன். நோயின் பேரைச் சொன்னேன், அவள் அம்மாவுக்கு வந்தது டிபி மட்டும் இல்லை என்று சொன்னேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்தாள்.

"பாவம்க்கா நீ. உனக்கும் அதே மாத்திரதான? நீயாவது விடாமப் போடுதியா?"

ஆமா, எனக்கும் இருக்கு என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. நீங்களாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

"எனக்கு இல்ல மலரு" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸம்மா கொடுத்த மருந்தையெல்லாம் மறுக்காமல் விழுங்கினாள். உடம்பு அதைத் தாங்குகிற கட்டத்தைத் தாண்டியிருந்தது.

மாமா சுடுகாட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைத் திட்டலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. உங்களைத் திட்டவும் முடியவில்லை, ஆனால் கோபம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. எங்களை ஒன்றாகச் சாப்பிட வைத்த அந்த மனசுதானா அவளைக் கொன்றது? இல்லை, அப்படி ஒளித்து வைக்கும்படி உங்களைப் பயமுறுத்திய ஊரா? படுத்தால் இதே யோசனைதான்.

நம் இல்லத்திலிருந்து போய்ச் சோழபுரத்தில் அத்தை வீட்டில் இருக்கிற சின்னவளை நினைவிருக்கிறதா? அவளுக்கும் உண்டு என்று நேற்றுத்தான் அங்கே இங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவளிடமும் நீங்கள் சொல்லவில்லை. மருந்து போடுகிறாளா, தெரியாது. நாளைக்குக் காலையில் பஸ் ஏறுகிறேன். என்ன நோய் என்று சொல்வேன். எனக்கு அது இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். அவள் உங்களைத் திட்டினால் உங்களுக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் சித்தி. என்னைத் திட்டினாலும், அவள் மருந்தை எடுத்துப் போடுகிற வரை அந்த வீட்டு வாசலை விட்டு நகரவும் மாட்டேன்.

மலருக்கு அக்காவும்
உங்களுக்கு மூத்த மகளுமான
ஜெயா