உன் தலைமுடிமேல் நான் வைத்த கண்

கூட்டாளி,

இன்று காலை தலை சீவ உன் பச்சைச் சீப்பை எடுத்தேன். பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. உன்மேல் எனக்கிருந்த பாழாய்ப்போன பொறாமைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

கிள்ளான் ஆஸ்பத்திரியில், அந்தச் சிகிச்சை அறையில், நமக்கு அடுத்தடுத்த நாற்காலி. ஒரே புற்றுநோய், ஒரே சிவப்பு மருந்து. ஆனால் உன் இதயம் பலவீனம் என்று டாக்டர் உனக்கு மட்டும் நானோ உறை போட்டதைக் கொடுத்தார். கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் மருந்து, அதற்குமேல் ஒரு பூச்சு. என் இதயம் நன்றாக இருந்ததாம். நல்ல இதயம் இருக்கிறதே என்று வயிறெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பண்டமாரானில் லோரி ஓட்டியவன் நீ. டாக்டர் சொன்னது உனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"சீல் வச்ச கண்டெய்னர் லா. வழியில தொறக்காது. கட்டி இருக்கிற எடத்துல போய்தான் சரக்கு எறக்கும்."

"அப்ப எனக்கு?"

"ஒனக்குத் தார்ப்பாய் போடாத மணல் லோரி. ரோடு பூரா கொட்டிக்கிட்டுப் போவும்."

கொட்டத்தான் செய்தது. முடி, புருவம், நாக்கு ருசி எல்லாம் போயிற்று. நீயோ வகிடெடுத்துச் சீவிய தலையோடு, கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மைனர் மாதிரி வருவாய். உட்கார்ந்ததும் குளிர் என்று கைகளைப் போர்வைக்குள் மறைத்துக்கொள்வாய். மருந்து எப்படி என்று கேட்டால், ஒன்னும் பயமில்ல லா என்று சிரிப்பாய். என்ன திமிர் இவனுக்கு என்று மனதுக்குள் திட்டுவேன். ஒரு தடவையாவது உனக்கும் கொட்டக்கூடாதா என்றுகூட நினைத்தேன்.

அந்த மருந்தையும் மீறி நோய் உன்னைக் கொண்டுபோனது. காரியம் முடிந்த அன்று உன் மனைவி இந்தச் சீப்பைக் கொடுத்தார்.

"அந்த மருந்தால அவருக்கு உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சி போச்சுண்ணே. சீப்பு புடிக்க முடியாது. நான்தான் சீவி விடுவேன். அடுத்து ஒங்களுக்கும் இந்த மருந்து வரலாம், கையப் பாத்தா வேணாம்னு சொல்லிருவீங்கன்னு காட்டவே மாட்டாரு."

வந்தது. நோய் எனக்குத் திரும்பியது. பழைய மருந்தை இனி என் இதயம் தாங்காது என்றார்கள். இப்போது எனக்கும் சீல் வைத்த கண்டெய்னர்தான். மறுபடி முளைத்த முடி இந்தத் தடவை அப்படியே இருக்கிறது.

இன்று பக்கத்து நாற்காலியில் மொட்டைத் தலையோடு ஒருவர். என் முடியையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

"அடுத்த மாசம் எனக்கும் இதான் குடுக்கப் போறாங்களாம். எப்படிண்ணே இருக்கு?"

கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஒன்னும் பயமில்ல லா, தம்பி."

சொல்லிவிட்டேன். ஆனால் உன்னைப் போலச் சிரித்துக்கொண்டே சொல்ல வரவில்லை. அதிலும் உன்மேல் பொறாமைதான்.