லொய்மிங்

பலெர்மோ, மார்ச் 1997

சாம்பவியின் அப்பாவுக்கு,

"வீட்டை வா, சபையிலை எல்லாரும் கேள்வி கேக்கினம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வர மாட்டேன்.

போர்கோ வெக்கியோ வட்டாரத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் நான் செய்த குற்றம் என்ன? சியாகுல்லித் தோட்டத்து மாண்டரின் ஆரஞ்சு ஒன்றை உரித்து, சுளைகளை வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். அந்த மரம் கிழக்கிலிருந்து கடல் கடந்து வந்த வழியை வரைபடத்தில் காட்டினேன். பிள்ளைகள் அதைப் பற்றித் தாங்களே ஒரு பாட்டுக் கட்டினார்கள். என்னோடு முதலாளியம்மா சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்யும் எஸ்தோனியாக்காரி ஹெல்கி, தன் மொழியில் இதற்கு 'லொய்மிங்' என்று பெயர் என்றாள். வெவ்வேறு பாடங்களை ஒரே துணியாக நெய்வதாம். அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினேன்.

வகுப்பை நடத்தும் தமிழ்ச் சபையின் தலைவர் நீங்கள். பெற்றோர் எல்லோரும் பார்க்க அதை அழித்தீர்கள். "கணக்குக்குள்ளை பாட்டு என்னத்துக்கு? இவளுக்கு விசர். இனி இஞ்சை படிப்பிக்க வேண்டாம்" என்றீர்கள். சாம்பவி எழுந்து, "அம்மா சொன்னதுதான் எனக்கு விளங்கினது" என்றாள். அதற்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்று நான் எழுதவில்லை. கன்னத்து வீக்கம் வற்றிவிட்டது.

நானும் அவளும் ஹெல்கியின் வீட்டில்தான் இருக்கிறோம். பிள்ளைகள் இப்போது இந்தச் சமையலறைக்கு வருகிறார்கள். உங்கள் வகுப்பு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று சபைக்கு நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பாவும் வரட்டும். ஆனா பின்னுக்கு இருந்து, கதைக்காமல் கேக்கோணும்" என்றாள்.

அவள் குழந்தை, மன்னித்துவிட்டாள். கதவைத் திறக்க வேண்டியவள் நான். திறக்க மாட்டேன்.

சாம்பவியின் அம்மா