சில்வியாவின் மிளகாய் நாற்று

அன்பு மகள் ஜெர்சிக்கு, வடக்குப்பட்டிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சில்வியா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் பெங்களூர் கன்னியர் மடத்தில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே போன் தரமாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் இதில்தான் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு ஷிப்டு மாறிவிட்டது, முட்டிவலி அப்படியே இருக்கிறது, தைலம் வாங்கி வைத்தால் தடவுவதில்லை.

சில்வியா சங்கதி உனக்குத் தெரியும், பத்தாவதோடு நின்றவள், யார் வந்தாலும் உள்ளே போய்விடுகிறாள். ஒரகடத்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்காரர் வனமாமலை, பதினெட்டு முடிந்ததே, பேக்கிங் வேலைக்கு அனுப்புங்கள் என்றார். இவளோ வீட்டிலேயே மிளகாய் நாற்று வளர்த்து விற்கிறேன் என்று என் காதில் மட்டும் சொன்னாள். நான் அதை எடுத்துச் சொன்னதும் உன் அப்பா, நூறு நாத்து ஆறு இலை வுட்டு நிக்கட்டும், அப்பால வூட்லயே இரு, இல்லன்னா ஒண்ணாந்தேதி வேன் ஏறு என்று சொல்லிவிட்டார்.

பழுத்த மிளகாயை நிழலில் காயவைத்து விதை எடுத்தாள். காயலான் கடையில் கம்பெனிச் சாமான் அடுக்கி வரும் கறுப்புத் தட்டு கிடைத்தது, குழி குழியாக நாற்றுக்கென்றே செய்தது போல இருந்தது. தேங்காய் நார்த்தூளும் எருவும் போட்டு விதைத்தாள். ஒன்பதாம் நாள் முளைத்தது, அவள் அதன் பக்கத்திலேயே குந்திக் கிடந்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தண்டு அடியில் நூலாக இளைத்துச் சாய்ந்தது. வெயில் என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினாள். மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் செல்வலட்சுமி தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏட்டி, கீழ ஒரு ஓட்டை கூட இல்லையே, தண்ணி எங்க போவும், உன் தலையிலயா என்று சிரித்தாள். மிஞ்சியது பதினொன்று. அப்பா எண்ணிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். இதை எழுதும்போதே பேனா நின்று நின்று போகிறது, நான் பார்க்காதது போல இருக்கிறேன்.

ஓட்டை போட்டு மறுபடி விதைத்து வளர்க்க ஒன்றரை மாதமாவது வேண்டும். அப்பாவிடம் அந்த அவகாசத்தை இவள் கேட்கமாட்டாள். நான் கேட்டால், ரெண்டு பேரும் சேர்ந்துகினு என்னை ஏமாத்தறீங்களா என்பார். நீ சொன்னால் தட்டமாட்டார், அதனால் அப்பா பெயருக்கே எழுது, ஒண்ணாந்தேதிக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி போடு. அங்கே காலையில் பனி என்றாயே, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு பூசைக்குப் போ. உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள், மாதா உன்னைத் தன் மடியில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
செல்வமேரி

அக்கா, இது நானாக எழுதுவது. நீ அப்பாவுக்கு எழுத வேண்டாம். கவரை ஒட்டுவதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன். அப்பா வனமாமலை நம்பரைப் போட்டார். அப்ப வேன்காரர்கிட்ட நீயே சொல்லு, நான் சொல்லமாட்டேன் என்று போனைக் கையில் கொடுத்தார். யாரு பேசறது, காதுல வுழல, சத்தமா பேசும்மா என்றார் வேன்காரர். யேசுராஜ் பொண்ணு சில்வியா, நான் வரலீங்க என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

சில்வியா