வெளியே போன தண்ணீர்

என் செல்லப் பேத்திக்கு,

பாட்டி நலம் என்று எழுத ஆசைதான். அப்படி எழுத முடியவில்லை, கண்ணு.

போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும். அதனால்தான் கடிதம். இன்று புதன். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் நாளைக் காலை உன் கையில் கொடுத்துவிடுவார். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே சொன்னதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. உங்கள் கம்பெனி செய்கிற, நீராவியும் தண்ணீரும் கலந்து ஓடுகிற குழாய் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன் என்றாய். நடுவில் நடப்பதை அதுவே கணக்குப் போடுமாம், உள்ளே வருகிற முனையிலும் வெளியே போகிற முனையிலும் நடப்பதை நாம்தான் சொல்ல வேண்டுமாம். கணக்கு முடியாமல் இழுத்ததால், வெளியே போன தண்ணீர் திரும்பி வராது என்று எழுதிவிட்டாய். உடனே முடிந்துவிட்டது. மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பம்பு நின்றால் தண்ணீர் திரும்பி வந்து ஆவியில் மோதும், குழாய் வெடித்தாலும் வெடிக்கும் என்று இப்போது சொல்கிறாய்.

போன மழையில் குளியலறைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் உள்ளே திரும்பி வந்ததே, மறந்துவிட்டாயா? உன் அப்பாதான் முட்டிபோட்டு அள்ளினான்.

அவன் நேற்று துள்ளிக்கொண்டு வந்தான். அவன் வேலை பார்க்கிற ஆலையின் பாய்லர் அறைக்குப் புதுக் குழாய் வந்திருக்கிறதாம், கூட வந்த காகிதத்தில் உன் பெயராம். வெள்ளிக்கிழமை அதன் வால்வை முதன்முதலில் நான்தான் திறப்பேன், என் மகள் போட்ட கணக்கு என்று சூப்பர்வைசரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருக்கிறான். போகாதே என்றேன். அஞ்சாங்கிளாஸ் படித்த உனக்கு என்னம்மா தெரியும் என்று சிரிக்கிறான். அவனைப் பிடித்து நிறுத்தினாலும் அந்த இடத்தில் இன்னொருத்தி பெற்ற பிள்ளை நிற்பான்.

தெரு முழுக்க உன்னைப் பற்றித் தம்பட்டம் அடித்தவள் நான். தப்பை ஒப்புக்கொண்டாள் என்றும் அதே தெருவில் அதே குரலில் சொல்வேன். வேலை போனால் போகட்டும். மேலதிகாரியைக் கேட்காதே. நேராக அந்த பாய்லர் அறைக்குப் போன் போட்டுத் திறக்காதீர்கள் என்று சொல்.

வெள்ளிக்கிழமைக்கென்று சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறான். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

நீ நூறு வயது இருக்க வேண்டும். அவனும்.

உன் பாட்டி