அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

பிப்ரவரி 9
அலுவலகக் கூட்டத்தில் இன்றும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அக்கா பேச்சுதான். கல்யாணத்துக்குள் இன்னும் இளைத்துவிடுவாளாம்; அத்தைக்கு ஒரே பூரிப்பு. சாப்பிட்டதும் அக்கா குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய்ச் சத்தத்துக்கு அடியில் என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். கேட்டால், "உன் வேலையப் பாரு, பட்டதாரி" என்கிறாள்.

பிப்ரவரி 17
வேலை செய்யும் துணிக்கடையிலேயே அக்கா விழுந்துவிட்டாள். இதயம் நின்றுவிட்டது. கடைத் தையல்காரர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். ஆம்புலன்ஸில் மின்அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். எழுத வரவில்லை.

பிப்ரவரி 19
கண் விழித்தாள். "ஏண்டி மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? செத்தது நானா நீயா?"

பிப்ரவரி 20
ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவாம். அதனால்தான் துடிப்பு தறிகெட்டுப் போயிருக்கிறது. ஏன் குறைந்தது என்பதுதான் டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. டிரிப்ஸில் ஏற்றினார்கள், ஏறியது. இன்று மறுபடி இறங்கிவிட்டது. மத்தியானம் தட்டைக் காலி செய்த கையோடு அக்கா கழிப்பறைக்குப் போனாள் - வேறென்ன காரணம் வேண்டும்?

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது; இந்த ஊர் மொழி, வீட்டில் படித்தவளான எனக்குத்தான் சரியாக வரும். வங்கியோ ஆஸ்பத்திரியோ, அம்மாவுக்கு வாய் நான்தான். நடைபாதையில் அம்மா என் கையைப் பிடித்தாள். "நல்லா சாப்பிடுவா, வாந்தியெல்லாம் கிடையாதுன்னு சொல்லு. வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்."
அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும்.

பிப்ரவரி 21
டாக்டரம்மா கேட்டார். "நல்லா சாப்பிடுவா" என்றாள் அம்மா. நான் சொன்னது: "சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறாள். ரொம்ப நாளாக. இங்கேயும்."  அம்மா, தான் சொன்னதைத்தான் நான் அந்த மொழியில் சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கடைக்கு வருபவர்களிடம் பழகிய மொழி. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவளிடமே சொன்னார்: இது நோய், குற்றமில்லை; தெரியாமல் அனுப்பியிருந்தால் இதயம் மறுபடி நின்றிருக்கும்.

பிப்ரவரி 22
மனநல மருத்துவர் வந்ததும், நான் உண்மையில் என்ன சொன்னேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்துபோனது.
"இதுக்குத்தான் உன்ன படிக்க வெச்சேனா?"
"ஆமாம்மா. இதுக்கேதான்."
நானா பேசினேன்?

மார்ச் 2
அக்கா என்னோடு பேசுவதில்லை. போகட்டும். மூச்சு விடுகிறாள் அல்லவா?

மார்ச் 14
மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அத்தை வாசலிலேயே ஆரம்பித்தாள்: "அக்கா கல்யாணத்த நிறுத்தின புண்ணியவதி எங்க?"
"இங்கதான் அத்தை. அக்காவும் உள்ளதான் இருக்கா, உயிரோட."
அத்தை காபி கேட்கவில்லை.

ஏப்ரல் 6
மறுபரிசோதனை. பொட்டாசியம் சரியாக இருக்கிறது. வீட்டில் எப்படி என்று டாக்டரம்மா வழக்கம்போல என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா, கடையில் பழகிய மொழியில், தட்டுத்தடுமாறி: "இந்த வாரம் ரெண்டு தடவை. முன்ன தினமும்."

அம்மா என் முழங்கையை இடித்தாள். "என்ன சொல்றா?"
ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.
அம்மா பை வாரை முறுக்கியபடி இருந்தாள். பிறகு, "அவங்கள கேளு. சாப்பிட்டு முடிச்சதும் நான் இவ பக்கத்துல உக்காந்து என்ன பேசணும்?"
நான் டாக்டரம்மா பக்கம் திரும்புவதற்குள் அக்கா சொன்னாள்: "நீ பேசாம உக்காந்தாலே போதும்மா."