உன் கல்லை மணலில் இறக்கிய காலை

மச்சான்,

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும், பர்மா அரிசி நின்றுபோனதும், தூத்துக்குடிக்காரர்கள் சட்டி பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஓடிவிட்டு, இங்கே ஒன்றும் விழவில்லை என்று வெட்கப்பட்டுத் திரும்பி வந்ததும் ஒரே வருஷம். அந்த வருஷத்துக் கடைசியில் சங்கு குளிப்பு திறந்தபோதுதான் உன் காது போயிற்று. இன்று காலை பக்கத்து வீட்டுக் குசினியில் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சினார்கள். யாருக்கோ காதுவலியாம். அந்த வாசனை வந்த பிறகு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு வாத்தியார் எழுதுகிறார். உன்னிடம் நேரில் சொல்ல முடியாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

இதே எண்ணெயைத்தான் என் தங்கச்சி உன் இடது காதில் ஊற்றினாள். தலையணையில் ரத்தம் கிடந்தது. தண்ணீர் புகுந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்றாய் நீ. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்திருக்கிறது, இனி ஆழத்துக்குப் போனால் தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது என்றார். மேலே என் மச்சான் இருக்கான், அவனுக்குத் தெரிஞ்சாப் போதும் என்று அவரிடம் சொல்லிச் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பில்தான் என்னைக் கட்டிப்போட்டாய். நம் கரையில் முங்கிச் சங்கெடுக்கும் குளியாளின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கையை விட்டால் தாலியறுப்பது அவனுடைய கூடப்பிறந்தவள் என்பதால் விடமாட்டான் என்று முன்னோர் போட்ட கணக்கு. உன்னை அடிக்கு இழுக்கும் பாரக்கல்லை மிதித்துக்கொண்டு நீ இறங்குவாய். கயிறு ஆடினால் நான் இழுப்பேன். நான் பிடிக்க மாட்டேன் என்றால் வேறொருவனும் அந்தக் கயிற்றைத் தொடமாட்டான். பெண் வீடே வேண்டாம் என்று சொன்னதை ஊரான் எடுத்துப் பிடிப்பானா?

உனக்கு முன்னால் என்ன வழி இருந்தது என்று நானும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கடலில் இறங்கினால் காது. உப்பளத்துக்குப் போகலாம் என்றால் மழை விட்டுப் பாத்தி காயும்வரை அங்கே வேலை கிடையாது. அதுவரை இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் ஒன்றுமாக என் தங்கச்சி எதைத் தின்பாள்? மிச்சம் கொழும்புத் துறைமுகம். குண்டுக்குப் பயந்து கூலிகள் ஓடிப்போனதால் போனவனுக்கெல்லாம் அங்கே வேலை. ஆனால் தோணி கரைசேருமா என்று அதை ஓட்டுகிற தண்டலுக்கே நிச்சயமில்லாத காலம். இதில் எதை நல்லது என்பது? நீ எதையும் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையை எங்களுக்கு விட்டுவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து என் தங்கச்சி கோயில் பின்பக்கம் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, கயித்தப் பிடிக்க மாட்டேன்னு சொல்லிரு. நான் சொன்னா அவுக கேக்க மாட்டாவ."

"நான் சொன்னா கொழும்புக்குல்லா போவான்."

"போனா வாரதுக்கு வழி இருக்கு. தண்ணிக்குள்ள தலை சுத்துனா என்ன வழி இருக்கு?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. சரி என்றேன். தான் சொல்லித்தான் நான் மறுத்தேன் என்று உன் காதுக்குப் போகக்கூடாது என்று மாதா பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதையும் கொடுத்தேன்.

மறுநாள் விடிகாலையில் வள்ளம் புறப்பட நிற்கிறது. எல்லார் கல்லும் ஏறிவிட்டது. நான் ஏறவில்லை. இன்று நான் கயிறு பிடிக்கவில்லை மச்சான் என்றேன்.

"ஏன்ல, கை நோவுதா, நெஞ்சு நோவுதா?" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதும் சிரிப்பு நின்றது. நீ கயிற்றை உன்னோடு சங்கு குளிக்கும் அந்தோணியிடம் நீட்டினாய். அவன் பின்னால் நகர்ந்தான். அவன் தம்பியிடம் நீட்டினாய். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். கடைசியில் வள்ளத்துக்காரர் உன் கல்லைத் தூக்கி மணலில் இறக்கிவைத்தார். செத்தவன் சாமானை வீட்டு வாசலில் வைப்பதுபோல் வைத்தார். கரையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் தங்கச்சி நின்றாள். நீ என்னைப் பார்த்தாய், நான் அவளைப் பார்த்தேன், அவள் கடலைப் பார்த்தாள்.

நீ கொழும்புக்குப் போனாய். தோணிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் எதற்குப் பயந்தோமோ அது நடக்கவேயில்லை. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது சங்கிலி அறுந்து மூட்டைகள் உன்மேல் விழுந்தன. வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன்னை இரண்டுபேர் தூக்கிக்கொண்டு இங்கே கரையில் இறக்கியபோது நான் தாங்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னாய்:

"கடல்ல எனக்கு ரெண்டு காலும் இருந்துச்சுல்லா."

அதற்குப் பிறகு நீ வாழ்ந்த காலமெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் விதவிதமாகச் சொன்னாய். அந்தோணிக்கும் அதே பருவத்தில் காதில் ரத்தம் வந்தது. அவன் மச்சான் கயிற்றைப் பிடித்தான், அவனும் இறங்கினான். ஒரு காது செவிடானதோடு சரி, பேரன் பேத்தி பார்த்துத்தான் செத்தான். தெருவில் அவன் போனால் எனக்குக் கேட்கும்படி, அங்கன போறான் பாரு, மச்சான் வாய்ச்சவன் என்பாய். உன் மூத்த மகள் கல்யாணத்தில் தாய்மாமன் என்று நான் மாலையோடு வந்து நின்றேன். ஏளா, கயித்த விட்ட கை, மாலையையாவது ஒழுங்காப் போடுதான்னு பாத்துக்கோ என்று பந்தலில் மகளிடம் சொன்னாய். சம்பந்தி வீட்டார் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தோணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் உனக்கும் ஆகியிருக்காது என்று எந்தக் கடல் எழுதிக் கொடுத்தது? கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், நீதான் பயந்தாயே, உனக்கு என்ன தெரியும் என்பாய். நான் பயப்படவில்லை என்று சொல்ல வேண்டும் என்றால் அவள் பேரைச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு மறுநாள் தங்கச்சியிடம் போனேன். மச்சான் காதுபட ஒரு தடவ உண்மையச் சொல்லிரு என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தை நிறுத்தவில்லை.

"சொன்னா ஒத்தக் கால் மனுசன் என்னைய வச்சு எப்படி வாழுவாரு? நான் போட்ட சோத்தத் தின்பாரா? உன்னைய வையுறதோட போவட்டும்ணே. நீ வேற வீட்ல இருக்க. தாங்கிக்கிடுவ."

அதிலும் எனக்குத் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. சொன்னால் அவள் குடும்பம் போகும். சொல்லாவிட்டால் என் பேர் போகும். பேர்தானே என்று விட்டேன். ஆனால் நீ என்னை வையும்போது அவள் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளே, ஒரு தடவையாவது, போதும் விடுங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகப்போக, உனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, எங்க அண்ணன் அன்னைக்கு இப்படிப் பண்ணிருச்சே என்று அவளே பெருமூச்சு விட ஆரம்பித்தாள். நம்பவே தொடங்கிவிட்டாளோ என்னவோ.

போன மாசியில் நீ படுக்கையில் கிடந்தபோது என்னை வரச் சொன்னாய். அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"இப்பமாவது சொல்லு மச்சான். பயந்துதான விட்ட?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் கிண்ணத்தில் ஏடு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மச்சான். பயந்துட்டேன்."

உன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். வழக்கில் ஜெயித்தவன் மாதிரி கண்ணை மூடினாய். அதோடு நீ போய்விட்டாய். அந்தப் பொய்யை இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள நீ இல்லை.

உன்னைப் புதைத்தபிறகாவது அவள் ஒரு வார்த்தை பேசுவாள் என்று காத்திருந்தேன். தினம் பூசைக்கு என் வாசலைத் தாண்டித்தான் போகிறாள். தலையைத் திருப்புவதில்லை. அன்று கரையில் இருந்தவர்களில் வள்ளத்துக்காரர் போய்விட்டார். அந்தோணி போய்விட்டான், அவன் தம்பியும் போய்விட்டான். பயந்துட்டேன் என்று உன்னிடமே சொல்லிவிட்ட என்னையும் இனிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நான் பயந்து கயிற்றை விட்டவன் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் இன்னும் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள். உன் பெண்டாட்டி, என் கூடப்பிறந்தவள், சந்தனமேரி.